உயர்நிலை வகுப்புகளில் எழுதுதிறன் கற்பித்தல்: நன்னூல் கூறும் குற்றமும் அழகும் மீள்நோக்குக் கருவிகளாக

ஆய்வுச் சுருக்கம்

தமிழகப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கட்டுரை எழுதுதல் பெரிதும் மனப்பாடத்தின் வழியே நிகழ்கிறது. திருத்தம் எழுத்துப்பிழை, சந்திப்பிழை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் நூலுக்குரியனவாகக் கூறும் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் மாணவர் தம் எழுத்தைத் தாமே மீள்நோக்கிச் செம்மைப்படுத்தும் கருவிகளாகப் பயன்படுத்த இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. எழுதுதிறன் குறித்த அண்மைக்கால மேலைநாட்டு ஆய்வு முடிவுகளோடு நன்னூற் கருத்துகள் ஒப்பிடப்படுகின்றன. ஒரு மாதிரிப் பத்தியின் வாயிலாக நடைமுறை விளக்கப்படுகிறது. நான்கு பாடவேளைகளில் நடத்தத்தக்க கற்பித்தல் முறையும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எழுதுதிறன், நன்னூல், பொதுப்பாயிரம், பத்துக் குற்றம், பத்து அழகு, மீள்நோக்கு, உயர்நிலைக் கல்வி.

முன்னுரை

கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் என்னும் நால்வகை மொழித்திறன்களுள் இறுதியாக வந்து சேர்வது எழுதுதல். ஏனைய மூன்றும் ஓரளவு கைவந்த பின்னரே இது கைகூடும். உயர்நிலை வகுப்பை எட்டும் மாணவர் எழுத்துகளை அறிந்திருக்கிறார், சொற்களை அறிந்திருக்கிறார், தொடர் அமைக்கவும் வல்லவராயிருக்கிறார். எனினும் தாம் கண்ட ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் சொந்தமாக எழுதச் சொன்னால் தயங்குகிறார். இத்தயக்கத்திற்குச் சொல் வறுமை மட்டும் காரணமன்று. எழுதியதை எவ்வாறு நோக்குவது, எங்கே மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பன அவருக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழகப் பள்ளிகளில் முதல் வகுப்பு தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. 2019-20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் இரு தாள்களும் ஒன்றாக்கப்பட்டு, 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாயின. செய்யுள், உரைநடை, இலக்கணம், மொழிப்பயிற்சி, கட்டுரை அனைத்தும் ஒரே தாளில் இடம்பெறுவதால், கட்டுரைக்கெனத் தனியே காலம் ஒதுக்கிப் பயிற்றும் வழக்கம் மேலும் சுருங்கும் வாய்ப்பு உள்ளது. இந்நிலையில் குறைந்த காலத்தில் எழுதுதிறனை வளர்க்கும் முறை எது என்னும் வினா தமிழாய்வுக்கும் உரியதாகிறது. அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இன்றைய கட்டுரைப் பயிற்சியின் இயல்பு

பள்ளிகளில் கட்டுரை பெரும்பாலும் குறிப்புச் சட்டகத்தின் அடிப்படையில் எழுதப்படுகிறது. முன்னுரை, மூன்று அல்லது நான்கு உட்தலைப்புகள், முடிவுரை என வினாவிலேயே சட்டகம் தரப்படுகிறது. தொடக்க நிலையில் இச்சட்டகம் மாணவருக்குத் துணைசெய்வதே. ஆயினும் தலைப்பு எதுவாயினும் அதே சட்டகம், அதே பொன்மொழிகள், அதே முடிவுரை என்றாகும்போது கட்டுரை எண்ணத்தின் வெளிப்பாடாக இல்லாமல் நிரப்பப்படும் படிவமாகிவிடுகிறது. துணைநூல்களில் அச்சிடப்பட்ட கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதுவோர் மிகுதி. அவ்வாறு எழுதுவோரின் விடைத்தாளில் பிழை குறைவாக இருக்கலாம்; ஆனால் அது எழுதுதிறனுக்குச் சான்றாகாது.

திருத்தும் முறையும் இந்நிலைக்குத் துணைபோகிறது. வகுப்பில் 40 மாணவர் இருப்பின், ஒவ்வொருவரின் கட்டுரையையும் முழுமையாகப் படித்துக் கருத்துரை எழுத ஆசிரியருக்குக் காலம் வாய்ப்பதில்லை. விரைந்து கண்ணிற்படுபவை எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையுமே. அவை சிவப்பு மையால் சுழிக்கப்படுகின்றன. மாணவர் அவற்றை மும்முறையோ ஐம்முறையோ எழுதிக் காட்டுகிறார். கட்டுரையின் பொருளும் அமைப்பும் தொடப்படாமலே நின்றுவிடுகின்றன. திருத்தப்பட்ட கட்டுரையை மாணவர் மீண்டும் எழுதுவதும் அரிது. எழுதி முடித்த பின் வரும் திருத்தம், அடுத்த கட்டுரைக்குப் பயன்படாத தீர்ப்பாக மட்டுமே அமைகிறது.

எழுதுதல் குறித்த அண்மைக்கால ஆய்வுகள்

எழுதப்பட்ட விளைபொருளை விட்டு எழுதும் செயலை நோக்கிய ஆய்வுகள் 1970களில் வலுப்பெற்றன. ஜேனட் எமிக் 1971இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எழுதும் முறையை ஆராய்ந்தார். லிண்டா ஃபிளவர், ஜான் ஹேஸ் ஆகியோர் 1981இல் எழுதுதலைத் திட்டமிடல், சொற்படுத்தல், மீள்நோக்கல் என்னும் செயல்களாகப் பகுத்தனர். இவை ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துபோவன அல்ல; எழுதும்போதே மீண்டும் மீண்டும் நிகழ்வன என்பது அவர்தம் முடிபு. கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமாலியா ஆகியோர் 1987இல் வெளியிட்ட நூலில், அறிந்ததை நினைவுக்கு வந்த வரிசையில் சொல்லிச் செல்லும் எழுத்தையும், எழுதும் செயலிலேயே அறிவை மாற்றியமைத்துக்கொள்ளும் எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டினர். உயர்நிலை மாணவரின் கட்டுரைகள் பெரும்பாலும் முதல்வகையைச் சார்ந்தன என்பது தமிழாசிரியர் எவரும் உணரத்தக்கதே.

ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் ஆகியோர் 2007இல் 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்னும் அறிக்கையில் நான்கு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்பு மாணவர் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். திட்டமிடல், மீள்நோக்கல், செம்மையாக்கல் ஆகியவற்றுக்கான உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்தலின் சராசரி விளைவளவு 0.82, சுருக்கி எழுதப் பயிற்றலின் அளவும் 0.82, சக மாணவர் இணைந்து எழுதுதல் 0.75, எழுத்துக்குத் தெளிவான இலக்கு வகுத்தல் 0.70, தொடர்களை இணைத்தெழுதல் 0.50. மரபுவழி இலக்கணத்தைத் தனித்துக் கற்பித்தல் மட்டும் எழுத்தின் தரத்தில் எதிர்மறை விளைவைக் (-0.32) காட்டியது.

இவ்வளவைகள் பெரிதும் ஆங்கிலம் பயில்வோரைச் சார்ந்தவை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுபட்டு நிற்கும் தமிழுக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் பொருந்தாது. எனினும் அவை சுட்டும் திசை கருதத்தக்கது: மீள்நோக்கும் வழி, சக மாணவர் துணை, தெளிவான இலக்கு ஆகிய மூன்றும் எழுத்தை வளர்க்கின்றன, எழுத்தோடு ஒட்டாத விதிப்பயிற்சி வளர்ப்பதில்லை.

நன்னூல் தரும் அடிப்படை

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ் சொல்லல், மாணாக்கர், பாடங் கேட்டல் என்னும் ஐந்தையும் விளக்குகிறது. எழுத்திலக்கணத்திற்கும் சொல்லிலக்கணத்திற்கும் முன்னர்க் கற்பித்தலின் இயல்பு பேசப்படுவது குறிப்பிடத்தக்கது. இங்கு இரு செய்திகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை.

முதலாவது, கற்றலின் பங்கீடு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்பது பவணந்தியாரின் கருத்து. வினாதலும் வினாவியவற்றிற்கு விடையளித்தலும் பயிலும் முறைகளுள் அடங்கும். ஆசிரியரின் திருத்தம் ஒன்றையே நம்பும் இன்றைய வகுப்பறை இக்கணக்கின்படி முக்காற்பங்கை இழக்கிறது.

இரண்டாவது, குற்றமும் அழகும். தொல்காப்பிய மரபியலும் நூலுக்குரிய சிதைவுகள் பத்தினைக் கூறுகிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகியன இரு நூல்களுக்கும் பொது. நன்னூற் குற்றங்களைப் பின்வருமாறு ஐந்து கூறுகளாகத் தொகுக்கலாம்.

1. அளவு பற்றியவை: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல்.
2. தெளிவும் இசைவும் பற்றியவை: மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல்.
3. அமைப்புப் பற்றியவை: மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல்.
4. பயன் பற்றியவை: வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை.
5. சொல் பற்றியது: வழூஉச்சொல் புணர்த்தல்.

இத்தொகுப்பு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. பத்தனுள் சொல்வழு பற்றியது ஒன்றே. ஏனைய ஒன்பதும் பொருளையும், அதைப் படிப்போர் கொள்ளும் திறத்தையும் பற்றியவை. இன்றைய திருத்த முறையோ அந்த ஒன்றிலேயே பெரும்பகுதி உழைப்பைச் செலவிடுகிறது. சொல்வழுவைப் புறக்கணிக்கலாம் என்பது இதன் பொருளன்று. அதற்குரிய அளவில் அதை வைக்க வேண்டும் என்பதே பொருள்.

இங்கு ஒரு தடை எழலாம். நன்னூல் பேசுவது இலக்கண நூல் போன்ற சாத்திர நூலின் இயல்பை. பதினான்கு வயது மாணவரின் கட்டுரைக்கு அதைப் பொருத்துவது தகுமா என வினவலாம். குற்றங்கள் ஒவ்வொன்றும் படிப்போரை முன்னிறுத்தி வகுக்கப்பட்டவை. ஒரு கருத்து குறைந்ததா, மிகுந்ததா, மயக்கம் தருகிறதா என்பன எவ்வகை எழுத்துக்கும் பொருந்தும் வினாக்கள். ஆதலின் அவற்றை விரித்துப் பயன்படுத்துவதில் மரபுக்கு முரண் இல்லை. பத்தழகின் நிலை சற்று வேறு. ஆழமுடைமை, விழுமியது பயத்தல் முதலியன முதிர்ந்த புலமையை வேண்டுவன. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கிய எடுத்துக்காட்டுடைமை, ஓசையுடைமை ஆகிய ஐந்தை மட்டும் உயர்நிலை வகுப்புக்கு இலக்குகளாகக் கொள்வது பொருத்தமானது.

மேலும், குற்றமும் அழகும் ஒன்றையொன்று எல்லைப்படுத்துவன. சுருங்கச் சொல்லல் அழகு. அது எல்லை கடந்தால் குன்றக் கூறலாகும். விளங்க வைத்தல் அழகு. அது எல்லை கடந்தால் மிகைபடக் கூறலாகும். 'சுருக்கமாக எழுது' என்றோ 'விரிவாக எழுது' என்றோ மட்டும் கூறப்படும் மாணவர் அவ்வெல்லையை அறிய வழியில்லை. இணைகளாகக் கற்பிக்கும்போது எவ்வளவு போதும் என்னும் மதிப்பீட்டை அவர் தாமே செய்யத் தொடங்குகிறார்.

மாதிரிப் பத்தி: ஒரு விளக்கம்

'எங்கள் ஊர்க் கண்மாய்' என்னும் தலைப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் எழுதக்கூடிய பத்தியொன்று விளக்கத்திற்காக இங்கு அமைத்துக்கொள்ளப்படுகிறது.

"எங்கள் ஊரில் கண்மாய் உள்ளது. கண்மாய் மிகவும் அழகாக இருக்கும். தண்ணீர் நமக்கு மிகவும் முக்கியம். தண்ணீர் இல்லாமல் யாரும் வாழ முடியாது. முன்பு கண்மாயில் நிறைய தண்ணீர் இருந்தது. இப்போது தண்ணீர் இல்லை. கருவேல மரம் வளர்ந்து விட்டது. மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன. மரம் வளர்ப்போம் மழை பெறுவோம். எனவே தண்ணீரைச் சேமிக்க வேண்டும்."

வழக்கமான திருத்தத்தில் 'நிறையத் தண்ணீர்' என ஒற்று இடப்படும். 'வளர்ந்துவிட்டது' எனச் சேர்த்தெழுதப்படும். ஒரு காற்புள்ளி சேர்க்கப்படலாம். மூன்று திருத்தங்களுக்குப் பின்னும் பத்தி முன்போலவே இருக்கும்.

நன்னூல் வழி நோக்கின் வேறு செய்திகள் புலனாகின்றன. மூன்றாம், நான்காம் தொடர்கள் ஒரே கருத்தை இருமுறை சொல்கின்றன. இது கூறியது கூறல். ஐந்தாம், ஆறாம் தொடர்களில்தான் பத்தியின் உயிர்ச்செய்தி உள்ளது. எப்போது நிறைந்திருந்தது, எதனால் வற்றியது என்பன சொல்லப்படவில்லை. இது குன்றக் கூறல். ஏழாம் தொடர் கருவேலம் வளர்ந்ததைக் கேடாகச் சுட்ட, எட்டாம் தொடர் மரத்தின் பொதுப்பயனுக்குத் தாவுகிறது. இது மற்றொன்று விரித்தல். ஒன்பதாம் தொடரோ மரம் வளர்க்கச் சொல்லி ஏழாம் தொடரோடு முரண்படுகிறது; இது மாறுகொளக் கூறல். முழக்கத் தொடராகவே அது நிற்பதால் வெற்றெனத் தொடுத்தலுமாம். இறுதித் தொடரில் உள்ள 'எனவே' முன்னுள்ள எதிலிருந்தும் பிறக்கவில்லை; ஊரில் தொடங்கிய பத்தி பொது அறிவுரையில் சென்று தேய்ந்து இறுகிறது.

இக்குற்றங்களை ஆசிரியர் திருத்தித் தருவதால் பயனில்லை. அவற்றை வினாக்களாக மாற்றி மாணவரிடம் தருதல் வேண்டும். 'எந்த இரு தொடர்கள் ஒன்றையே சொல்கின்றன?', 'எந்த இடத்தில் படிப்போர் இன்னும் கேட்க விரும்புவர்?', 'கருவேலம் நல்லதா, கெட்டதா? உன் பத்தி இரண்டையும் சொல்கிறதே?' என்பன போன்ற வினாக்கள் போதும். விடை தேடி வீட்டிலும் ஊரிலும் கேட்டுவரும் மாணவரின் மறுவரைவு பின்வருமாறு அமையக்கூடும்.

"எங்கள் ஊர்க் கண்மாயில் முன்பெல்லாம் மாசி மாதம்வரை தண்ணீர் நிற்கும் என்று தாத்தா சொல்வார். இப்போது ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தும் தைக்குள் வற்றிவிடுகிறது. வரத்துக்காலில் சீமைக் கருவேலம் அடர்ந்து தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டது. உள்ளே வண்டல் படிந்து மேடாகிவிட்டதால் வந்த தண்ணீரும் தங்குவதில்லை. மழை குறைந்ததால் மட்டும் கண்மாய் வற்றவில்லை; நாம் தூர்வாராமல் விட்டதாலும் வற்றியது."

இங்குச் சொல்வளம் பெரிதும் கூடிவிடவில்லை. செய்தி கூடியிருக்கிறது, காரணமும் விளைவும் இணைந்திருக்கின்றன, முடிவு தன் சான்றிலிருந்து பிறந்திருக்கிறது. அறிந்ததைச் சொல்லிச் செல்லும் எழுத்து, அறிவை மாற்றியமைக்கும் எழுத்தாகும் இடம் இதுவே.

தொடரிணைப்பும் இலக்கணப் பயிற்சியும்

மறுவரைவில் 'பெய்தும்', 'அடர்ந்து', 'படிந்து', 'ஆகிவிட்டதால்' என்னும் வடிவங்கள் தொடர்களைப் பிணைக்கின்றன. தமிழில் கருத்துகளை இணைக்கும் முதன்மைக் கருவிகள் எச்சங்களும் வேற்றுமை உருபேற்ற வினையாலான பெயர்களுமே. பள்ளி இலக்கணத்தில் எச்சம் இனங்காணப்படும் உறுப்பாக மட்டும் நிற்கிறது. 'வந்து' என்பது வினையெச்சம் என எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதே எச்சத்தைக் கொண்டு இரு தனித்தொடர்களை ஒரு தொடராக்கும் பயிற்சி, தனித்தொடர், தொடர்தொடர், கலவைத்தொடர் பற்றிய ஓரிரு வினாக்களோடு முடிந்துவிடுகிறது.

மாணவர் தம் கட்டுரையிலிருந்தே நான்கு குறுந்தொடர்களைத் தேர்ந்து அவற்றை இரண்டாகவோ ஒன்றாகவோ இணைக்கச் செய்தால் இலக்கணம் எழுத்துக்குப் பயன்படும் கருவியாகும். 'மழை பெய்தது. கண்மாய் நிறையவில்லை' என்பதை 'மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை' என மாற்றும்போது உம்மை எதிர்மறைப் பொருள் தருவதை அவர் பயன்பாட்டில் உணர்கிறார்.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்

தமிழ் மாணவர் எழுதும்போது சிந்தனையோடு வழக்கு மாற்றத்தையும் ஒருசேரச் செய்ய வேண்டியுள்ளது. 'எங்க ஊரு கம்மா காஞ்சு கெடக்கு' என மனத்தில் எழும் தொடர் 'எங்கள் ஊர்க் கண்மாய் காய்ந்து கிடக்கிறது' என மாற வேண்டும். இவ்விரு சுமைகளும் ஒரே வேளையில் ஏற்றப்படுவதால் மாணவர் எழுத எளிதான பொதுத்தொடர்களிலேயே தஞ்சம் புகுகிறார். 'தண்ணீர் நமக்கு முக்கியம்' போன்ற தொடர்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆதலின் செய்தி திரட்டலும் திட்டமிடலும் பேச்சுத் தமிழிலேயே நிகழலாம். முதல் வரைவில் பேச்சு வடிவங்கள் புகுந்தால் அவற்றை அப்போதே திருத்த வேண்டியதில்லை. இறுதி வரைவுக்கு முன் அவற்றை எழுத்து வழக்குக்கு மாற்றுவதைத் தனிச் செயலாக நடத்தலாம். வழூஉச்சொல் களைதல் அவ்விடத்துக்கு உரியது. மாணவரின் பேச்சைப் 'பிழை' எனக் கூறாது 'பேச்சு வழக்கு' எனப் பெயரிடுதலும் நன்று. பேசத் தெரிந்ததை எழுத அஞ்சும் நிலை அதனால் குறையும்.

நான்கு பாடவேளைகளுக்கான கற்பித்தல் முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஒரு கட்டுரைக்கு நான்கு பாடவேளைகள் என்னும் முறை பரிந்துரைக்கப்படுகிறது.

முதற் பாடவேளை: செய்தி திரட்டல். மாணவர் தலைப்பைப் பற்றித் தமக்குள் வினவி விடைகூறி, கண்டவை, கேட்டவை, அறிய வேண்டியவை எனக் குறிப்பெடுப்பர். நன்னூல் கூறும் உத்திகளுள் நுதலிப் புகுதல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் ஆகிய மூன்றும் கட்டுரையின் தொடக்கத்தையும் பகுப்பையும் அமைக்க உதவும்.

இரண்டாம் பாடவேளை: முதல் வரைவு. ஒற்று, எழுத்து பற்றிய அச்சமின்றி எழுதுதல். வரி விட்டு வரி எழுதினால் மாற்றங்களுக்கு இடமிருக்கும்.

மூன்றாம் பாடவேளை: இணைந்து நோக்கல். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் உரக்கப் படிப்பார். எழுதியவர் தம் தொடர் இடறும் இடத்தைச் செவியால் உணர்வார். ஓசையுடைமை இங்குப் பயிற்சியாகிறது. ஒரு கட்டுரைக்கு மூன்று குற்றங்களை மட்டும் நோக்கினால் போதும். தொடக்கத்தில் கூறியது கூறல், குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவை எளியன. பிற படிப்படியாகச் சேரலாம்.

நான்காம் பாடவேளை: மறுவரைவும் செம்மையாக்கமும். பொருளும் அமைப்பும் மாறிய பின்னரே சொல்வழு, ஒற்று, நிறுத்தக்குறி ஆகியன நோக்கப்படும்.

ஆசிரியரின் பணி இம்முறையில் மாறுகிறது. 40 கட்டுரைகளிலும் எல்லாப் பிழைகளையும் சுழிப்பதற்கு மாறாக, ஓரத்தில் 'கூ.கூ.', 'கு.கூ.', 'ம.வி.' போன்ற குறியீடுகளை இட்டு மாணவரே திருத்துமாறு விடலாம். மதிப்பெண் வழங்கும்போது இறுதி வரைவோடு, முதல் வரைவிலிருந்து நிகழ்ந்த மாற்றத்தையும் கணக்கிற் கொள்ளலாம். மனப்பாடக் கட்டுரைக்கு முதல் வரைவும் மறுவரைவும் ஒன்றாகவே இருக்குமாதலின், இம்மதிப்பீடு அதற்கு இடந்தருவதில்லை.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. குற்றங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்து, வரையறை எழுதச் சொல்லித் தேர்வு வைத்தால் அவையும் மற்றோர் இலக்கணப் பாடமாகிவிடும். மாணவர் தம் எழுத்தில் அவற்றைக் கண்டறிவதே நோக்கம். பெயரைவிட வினா முதன்மையானது.

முடிவுரை

இக்கட்டுரையில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. உயர்நிலை வகுப்புகளின் கட்டுரைப் பயிற்சி விளைபொருளை மட்டும் நோக்குகிறது. மீள்நோக்கும் செயல் கற்பிக்கப்படுவதில்லை.
2. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்பது பொருள், அமைப்பு, பயன் பற்றியவை. இன்றைய திருத்தம் எஞ்சிய ஒன்றான சொல்வழுவிலேயே நிலைகொண்டுள்ளது.
3. உத்திகளை வெளிப்படையாகக் கற்பித்தல், சக மாணவர் துணை, தெளிவான இலக்கு ஆகியவற்றின் பயனைக் காட்டும் அண்மைக்கால ஆய்வுகளோடு பவணந்தியாரின் கற்றற் பங்கீடும் குற்றம், அழகு பற்றிய வகைப்பாடும் இயைகின்றன.
4. எச்சங்களைத் தொடரிணைப்பின் வழியே கற்பிக்கும்போது இலக்கணம் எழுத்துக்குத் துணையாகிறது.
5. பேச்சு வழக்கைத் திட்டமிடலுக்கும், எழுத்து வழக்கைச் செம்மையாக்கத்திற்கும் உரியதாக்குவது தமிழ் மாணவரின் இரட்டைச் சுமையைக் குறைக்கும்.

பொதுப்பாயிரம் இன்று பெரும்பாலும் பட்ட வகுப்புகளில் மனப்பாடப் பகுதியாகவே பயிலப்படுகிறது. அதை ஆசிரியர் கல்வியியல் பயிற்சியில் கற்பித்தல் கோட்பாடாகச் சேர்ப்பதும், இங்கு முன்வைக்கப்பட்ட முறையை ஊரகப் பள்ளிகளிலும் நகரப் பள்ளிகளிலும் ஒப்பிட்டுச் சோதிப்பதும் மேலாய்வுக்குரிய களங்களாகும்.